பக்கவாதம் வந்தவருக்கு ஸஃப்பில் இடம் உண்டா?



எங்கள் அத்தா கோபிசெட்டிபாளையத்தில் நாற்பது ஆண்டுகள் வாழைத்தார் வியாபாரம் செய்தவர். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் விளைந்து வரும் தாரைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அதன் பிறகு தராசு வெறும் சாட்சிதான். அந்த வலக்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஃபஜ்ர் தொழுகைக்குப் பின், தேநீர் டம்ளரை நழுவவிட்டது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. அம்மாவை அழைக்க முயன்றார். ஒலி வந்தது, பெயர் வரவில்லை.

அடுத்து நாங்கள் செய்தவற்றை மறைக்காமல் எழுதுகிறோம். ஒருவர் காலில் தைலம் தேய்த்தார். ஒருவர் காற்றுப் பட்டிருக்கிறது, ஓதிப் பார்க்கலாம் என்றார். அன்பு மிகுந்த பெரியம்மா ஒருவர் ஸம்ஸம் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து வாயில் ஊற்ற, அத்தா புரையேறித் திணறினார். கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று நாங்களே தீர்மானித்துப் படுக்க வைத்தோம். மருத்துவமனைக்குக் கிளம்பியபோது வெயில் ஏறியிருந்தது. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தை வீட்டுக்குள்ளேயே தொலைத்திருந்தோம். படித்தவர்கள் மூவர் அந்த வீட்டில் இருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவதே பக்கவாதம். பெரும்பாலோர்க்கு இரத்தக் கட்டி குழாயை அடைத்துக்கொள்கிறது. சிலருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. வெளியே தெரியும் அடையாளம் இரண்டுக்கும் ஒன்றுதான். மருத்துவமோ நேர் எதிரானது. சி.டி. ஸ்கேன் எடுக்காமல் இன்னதென்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. வீட்டில் கைக்குக் கிடைத்த ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுக்கக்கூடாது என்பது இதனால்தான். கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணிநேரத்துக்குள் போட்டாக வேண்டும். முந்தப் போட முந்தப் பலன் கூடும். அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் ஒரு மருத்துவர் கணக்கிட்டுக் காட்டினார். நாங்கள் தைலம் தேய்த்த நேரத்தை அந்தக் கணக்கால் பெருக்கிப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

ஆகவே வாசகர்கள் இதை மட்டுமாவது வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். சிரிக்கச் சொன்னால் முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா, இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசைகளும் செயலிழந்திருக்கலாம். ஊற்றிய நீர் நுரையீரலுக்குப் போனால் அது வேறொரு நோய். ஸம்ஸமின் பரக்கத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விழுங்கத் தெரிகிறது என்று மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகு கொடுத்தாலும் அதன் பரக்கத் குறைந்துவிடாது. கோபியிலிருந்து ஈரோடு சுமார் 35 கிலோமீட்டர், கோவை சுமார் 80 கிலோமீட்டர். இரவும் பகலும் ஸ்கேன் எடுத்து இந்த ஊசியைப் போடும் இடம் எது என்பதை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதைச் சொல்லும்போது சிலருக்குத் தவக்குல் குறைந்துவிட்டதோ என்று தோன்றக்கூடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற பொருளில் விடை சொன்னார்கள். நம் பகுதியிலோ, மரத்த கையில் புறாவின் இரத்தத்தைத் தேய்த்தால் உணர்வு திரும்பும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. எங்களுக்கும் இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் புறாவோடே வந்துவிட்டார். ஓடும் இரத்தம் நஜீஸ் என்பது மத்ரஸாவில் முதல் வகுப்புப் பாடம். அதைத் தொழுகையாளியின் கையில் பூசுவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, மருத்துவத்திலும் இடமில்லை. பேச்சு திரும்பிய பின் அத்தா இதைக் கேள்விப்பட்டு, “அந்தப் புறாவுக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?” என்றார்.

ஆயினும் நாங்கள் எழுத வந்தது முதல் நாளைப் பற்றியன்று. நூறாவது நாளைப் பற்றி.

முதல் வாரம் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. ஜமாஅத்தார் வந்தார்கள், மண்டிக்காரர்கள் வந்தார்கள், சத்தியமங்கலத்திலிருந்தும் புளியம்பட்டியிலிருந்தும் சொந்தங்கள் வந்தன. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் அடுக்காக நின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஒரு மாதம் கழிந்தது. வருகை வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாகியது. நான்காம் மாதம் ஒருவரும் இல்லை. எல்லோரும் விசாரித்தாயிற்று, கடமை முடிந்தது. ஆனால் பக்கவாதம் காய்ச்சலைப் போன்றதன்று. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் தொடரும், ஆனால் எறும்பின் வேகத்தில். ஒரு பொத்தானைப் போட ஒரு மாதம், படியேற ஒரு மாதம். இந்த நோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அத்தாவையும் பிடித்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பயிற்சியாளர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. மறுமையில் அல்லாஹ், நான் நோயுற்றிருந்தேன், நீ பார்க்க வரவில்லையே என்று அடியானிடம் கேட்பதாக வரும் ஹதீஸை அறியாதவர் நம்மில் குறைவு. அந்தக் கேள்வி முதல் வாரத்துக்கு மட்டும் உரியது என்று நாமாக வரையறுத்துக்கொண்டோமோ என்பதே எங்கள் ஐயம்.

அரபு இலக்கணத்தின் முன்னோடி என்றும், குர்ஆன் எழுத்துகளுக்கு முதன்முதலில் புள்ளிகளால் உயிர்க்குறி இட்டவர் என்றும் மரபு போற்றும் அபுல் அஸ்வத் அத்-துஅலீ பஸராவில் வாழ்ந்தவர். ஹிஜ்ரி 69-இல் மறைந்தார். அவருக்கும் பக்கவாதம் வந்தது. காலை இழுத்துக்கொண்டே நாள்தோறும் கடைவீதிக்குப் போவாராம். பணியாட்கள் நிறைந்த வசதியான வீடு. அல்லாஹ் உமக்குக் குறை வைக்கவில்லையே, வீட்டில் உட்காரக்கூடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் போய் வந்துகொண்டிருந்தால்தான் பணியாளும் பிள்ளைகளும் ‘இதோ வந்துவிட்டார்’ என்று கவனிப்பார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் ஆடு வந்து என்மேல் சிறுநீர் கழித்தாலும் அதை விரட்ட ஆள் இருக்காது என்று அவர் விடை சொன்னதாக இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்தப் பேச்சைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சிலும் தைத்தது. எங்கள் வீட்டில் ஆடு இல்லை. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

அந்த நிலையை மாற்றியவர் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைச் சற்றுக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அத்தாவுக்குத் தார் போடும் தோட்டத்துக் கவுண்டர் ஒருவர். ஐந்தாம் மாதம் ஒரு காலை வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நலம் கேட்கவில்லை. “ஏனுங்க பாய், நீங்க பாதி வெலைக்கு வந்துட்டீங்கன்னு ஊருக்குள்ள பேச்சுங்களே, நெசமுங்களா?” என்றார். நாங்கள் திகைத்து நின்றோம். சுவரைப் பார்த்திருந்த அத்தா மெல்லத் திரும்பினார். இடக்கையின் ஐந்து விரல்களை விரித்துக் காட்டி, பிறகு மேல்நோக்கி ஆட்டினார். பாதி விலைக்கெல்லாம் கிடையாது, விலை ஏறியிருக்கிறது என்று பொருள். கவுண்டர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான்கு மாதங்களுக்குப் பிறகு அத்தா சிரித்ததும் அன்றுதான். கோணிய சிரிப்பு, ஆனால் அவருடைய சிரிப்பு.

கோயமுத்தூர் குசும்பு என்று ஊர் உலகம் சொல்வது வெறும் கேலியன்று என்று அதன் பிறகு எங்களுக்கு விளங்கிற்று. இரங்கிப் பேசுபவர் நோயாளியைக் கீழே வைத்துப் பேசுகிறார். குசும்பு பேசுபவர் சமமாக வைத்துப் பேசுகிறார். பேச்சுப் பயிற்சியாளர் ஒருநாள் வாழைப்பழப் படம் ஒன்றைக் காட்டி, இது என்ன என்று அத்தாவிடம் கேட்டார். வெகுநேரம் பார்த்திருந்தார். பாவம், வாழைப்பழம் என்ற சொல்கூட மறந்துவிட்டது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தா தட்டுத் தடுமாறி, “ரகம்... சொல்லல” என்றார். கதலியா, நேந்திரனா, ரஸ்தாளியா, பூவனா என்று போடாமல் பழத்தை எழுதினால் நாற்பது ஆண்டு வியாபாரி என்ன சொல்வார்!

இத்தகைய பேச்சு மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்று கருதும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். ஸுஹைப் (ரலி) அவர்கள் கண் நோயோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். எதிரே ரொட்டியும் பேரீத்தம்பழமும் இருந்தன. அழைக்கப்பட்டதும் அமர்ந்து பழத்தை எடுத்துத் தின்னத் தொடங்கினார்கள். கண் வலியோடு பேரீத்தம்பழமா என்று நபியவர்கள் கேட்க, நான் மறுபக்கத்தால்தானே மெல்கிறேன் என்றார்கள் ஸுஹைப் (ரலி). நபியவர்கள் புன்னகை செய்தார்கள். இப்னு மாஜாவில் இடம்பெறும் இந்தச் செய்தியை இமாம் அவர்கள் சொன்னபோது, ஒரு பக்கம் செயலிழந்த அத்தா அதை விட்டுவைக்கவில்லை. அன்று முதல் எதைத் தின்ன வேண்டாம் என்று தடுத்தாலும் ‘மறுபக்கம்’ என்று கன்னத்தைக் காட்டுவார். மைசூர்பாகுக்கு மட்டும் நாங்கள் இணங்குவதில்லை. கஞ்சர்களைப் பற்றி நகைச்சுவை நூல் எழுதிய பஸராவின் அல்-ஜாஹிழும் முதுமையில் இந்நோய்க்கு ஆளானவர்தாம். இடப்பக்கத்தைக் கத்தரியால் நறுக்கினாலும் தெரியாது, வலப்பக்கத்திலோ வாதநோயால் ஈ உட்கார்ந்தாலும் வலிக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டதாகப் பதிவு உண்டு.

நகைச்சுவைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. நபியவர்கள் விளையாட்டாகப் பேசும்போதும் உண்மையையே பேசினார்கள், யாரையும் சிறுமைப்படுத்தியதில்லை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை அல்-ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. நோயாளி தொடங்கிவைத்த சிரிப்பில் நாம் சேர்ந்துகொள்ளலாம். அவருடைய குழறலை அவர் முன்னால் திருப்பிப் பேசிக்காட்டும் பிள்ளைகளை அப்போதே கண்டிக்க வேண்டும். ஒரு விருந்தில் அப்படி நடந்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். அத்தா அதன் பிறகு இரண்டு வாரம் யாருடனும் பேச முயலவில்லை.

பேச்சு போனவரைப் பற்றி நமக்குள்ள பெரிய தவறான எண்ணம், அவருக்கு அறிவும் போய்விட்டது என்பது. சொல் வெளிவராதவர்களில் பலருக்கு நாம் பேசுவது பெரும்பாலும் விளங்கும். விசாரிக்க வந்த ஒருவர் அத்தாவின் தலைமாட்டில் நின்றுகொண்டே, “சொத்தையெல்லாம் எழுதி வாங்கிட்டீங்களா?” என்று எங்களைக் கேட்டார். இன்னொருவர் இதே நோயில் போய்ச் சேர்ந்த மூவரின் கதையைச் சொன்னார். என்ன பாவமோ என்று பெருமூச்சு விட்டவரும் உண்டு. முஸ்லிமுக்கு வரும் துன்பம் அவருடைய பிழைகளுக்குப் பரிகாரமாகிறது என்றும், நலமாக இருந்தபோது வழக்கமாகச் செய்த நல்லமல்கள் நோயிலும் அவர் பெயரில் எழுதப்படுகின்றன என்றும் நமக்குக் கற்பித்திருக்க, நோயைக் குற்றப்பத்திரிகையாகப் படிப்பது எவ்வகையில் நியாயம்? அத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியது என்பது, பேச்சு வந்த பிறகு அவர் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லித் தேநீர் கொடுக்காதே என்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நம்புகிறோம்.

எங்கள் பெயர்களையே சொல்ல முடியாதிருந்த நாட்களில் ஒன்று நடந்தது. இமாம் அவர்கள் வந்து கட்டிலருகே அமர்ந்து ஃபாத்திஹா சூராவை மெதுவாக ஓதத் தொடங்கினார்கள். இரண்டாம் வசனத்தில் அத்தாவின் குரல் சேர்ந்துகொண்டது. தெளிவாக, தஜ்வீதோடு, இறுதிவரை ஓதி ஆமீனும் சொன்னார். முடிந்ததும் தண்ணீர் கேட்க முயன்றார். அந்தச் சொல் வரவில்லை. அற்புதம் என்று தெருவெல்லாம் பேச்சாயிற்று. மருத்துவர் காரணம் சொன்னார். புதிதாக ஒரு வாக்கியத்தை அமைக்கும் வேலையும், பல்லாண்டு ஓதி ஊறியதைச் சொல்லும் வேலையும் மூளையில் ஒரே வழியாக நடப்பவை அல்லவாம். எண்களை வரிசையாகச் சொல்வதும் பாடுவதும் பிரார்த்தனைகளும் இப்படிப் பலரிடம் எஞ்சுவதுண்டாம். காரணம் தெரிந்ததால் எங்கள் நன்றி குறையவில்லை. எழுபது வயதில் சொல்லெல்லாம் உதிர்ந்த பின்னும் உள்ளே எது மிஞ்சும் என்பதை ஏழு வயதில் மத்ரஸாவில் போட்டுவைத்தவர் யாரோ, அவருக்காக துஆ செய்தோம்.

தெளிவாகப் பேச இயலாதவர் பொதுவாழ்வில் இருக்கக்கூடாது என்பவர்கள் தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றையாவது நினைக்கலாம். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் தாக்கி, நியூயார்க் புரூக்ளினில் சிகிச்சை பெற்ற எம்.ஜி.ஆர்., அங்கிருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்று, 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பினார். பேச்சு பழையபடி வரவில்லை. 1987 டிசம்பரில் மறையும்வரை முதலமைச்சராக இருந்தார். அவருடைய அரசியலைப் பற்றி இங்கே பேச்சில்லை. சொல் தெளியாத ஒருவரைப் பொறுமையாக நின்று கேட்கத் தமிழ் மக்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னோம். முதலமைச்சருக்குக் காட்டிய பொறுமையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் காட்டலாமே.

வலப்பக்கம் செயலிழந்த முஸ்லிமுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அதை யாரும் எழுதக் காணோம். சோற்றை இடக்கையால் உண்ண வேண்டும். சிறுவயதிலிருந்து அதற்காக அடி வாங்கி வளர்ந்த தலைமுறை. முதல் திருமண விருந்துக்கு அழைத்துப் போனபோது, பிரியாணித் தட்டின் முன் அத்தா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயலாதவர் மீது குற்றமில்லை என்று எல்லா ஆலிம்களும் சொல்வார்கள், அத்தாவுக்கும் தெரியும். தெரிவது வேறு, அந்தப் பார்வைக்கு நடுவே கவளத்தை எடுப்பது வேறு. பக்கத்தில் அமர்ந்திருந்த மச்சான் முறைக்காரர் ஒருவர், ஒன்றும் பேசாமல் ஒரு கரண்டியைத் தம் இடக்கையில் எடுத்துக்கொண்டு உண்ணத் தொடங்கினார். அது சரியா என்று எங்களைக் கேட்டால் ஃபத்வா சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. அத்தா அன்று வயிறார உண்டார்.

விசாரிக்க வருபவர்களின் முஸாஃபஹாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தளர்ந்து தொங்கும் வலக்கையைப் பற்றி அன்போடு இழுத்துக் குலுக்குகிறார்கள். அந்தத் தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் உறங்கிக் கிடக்கின்றன; இழுத்தால் மூட்டு விலகும், பிறகு மாதக்கணக்கில் வலி. ஸலாம் சொல்லுங்கள், இடக்கையைத் தொடுங்கள், போதும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். உடற்பயிற்சியாளர் அத்தாவிடம், எந்த அசைவு திரும்ப வேண்டும் என்று கேட்டார். அத்தா இடக்கையை நெற்றியில் வைத்துத் தரையைக் காட்டினார். ஸஜ்தா. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அதிலிருந்தே பயிற்சியை வகுத்தார் அந்த இளைஞர். அவர் முஸ்லிம் அல்லர். கட்டிலிலிருந்து எழுதல், நிற்றல், குனிதல், முழங்காலை மடித்தல் என்று படிப்படியாக. வலக்கை விரல்களுக்குத் தஸ்பீஹ் மணி. ஒரு நாளில் மூன்று மணியை நகர்த்திய விரல்கள் ஓராண்டில் முப்பத்து மூன்றை எட்டின. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் தந்த சலுகையை, அத்தா படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தலைகீழாக ஏறிவந்தார்.

வீட்டில் தொழலாம், நோயாளிக்கு ஜும்ஆ கட்டாயமில்லை. அதைச் சொல்லியே நாம் அவர்களைப் பள்ளிவாசலிலிருந்து தள்ளி வைத்துவிடுகிறோம். சலுகை என்பது வர இயலாதவருக்கு. வர விரும்புகிறவரைத் தடுக்கும் வேலி அன்று. ஒரு மனிதர் இருவர் தோளில் தொங்கியபடி தள்ளாடிக் கொண்டுவரப்பட்டு ஸஃப்பில் நிறுத்தப்படுவார் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) தம் காலத்தை விவரிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களே இறுதி நோயில் இருவர் தாங்க, பாதங்கள் தரையில் கோடிழுக்க, தொழுகைக்கு வந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த இருவர் இன்று எங்கே?

எங்கள் தெருவில் கிடைத்தார்கள். நெசவுத் தறிக்குப் போகும் ஒருவன், கல்லூரியில் படிக்கும் ஒருவன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாசலில் வந்து நிற்பார்கள். பள்ளிவாசல் வரை வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கிற்று. ஐந்து படிகள், பிடிக்க ஒன்றுமில்லை. உளூச் செய்யும் இடம் பாசி படிந்து வழுக்கும். கழிப்பறையில் குந்தும் வகை மட்டுமே. நாற்காலியை ஸஃப்பில் எங்கே போடுவது என்பதில் இரண்டு கருத்து, நான்கு குரல். பெருநாளைக்குச் சாயம் பூசவும் மினாராவுக்கு விளக்குப் போடவும் நம் ஜமாஅத்துகள் எளிதில் வசூல் செய்கின்றன. சாய்தளத்துக்கும் கைப்பிடிக்கும் ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்கு. முதியோர் பெருகிவரும் நம் மஹல்லாக்களில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாத வீடு அரிதாகிவிட்ட காலத்தில், இது ஒருவருக்கான ஏற்பாடு அன்று.

ஆண்களுக்கேனும் ஸஃப் இருக்கிறது. இதே நோய் வந்த பெண்கள்? எங்கள் பகுதியில் எங்களுக்குத் தெரிந்து இருவர் உள்ளறையில் படுத்திருக்கிறார்கள். அவர்களை ஜும்ஆவுக்கு யாரும் தூக்கிப் போகப்போவதில்லை. கடைவீதி நண்பர் வந்து குசும்பு பேசப்போவதில்லை. மருமகளுக்கு வேலை கூடிப்போன செய்தியாகவே அவர்களுடைய நோய் பேசப்படுகிறது. வாரந்தோறும் பெண்கள் கூடி ஓதும் மஜ்லிஸை மாதத்தில் ஒருநாள் அந்த உள்ளறையில் நடத்தினால் என்ன? அம்மா இதைக் கேட்டார். இரண்டு மாதமாக நடக்கிறது. பராமரிப்பவர்களையும் யாரும் விசாரிப்பதில்லை. அம்மா மூன்று ஆண்டுகளாக முழு இரவு உறங்கியதில்லை. “உங்க அத்தாவுக்குப் பாதி ஒடம்புதான் நோவு, எனக்கு முழு ஒடம்பும்” என்பார். ஒரு பகல் பொழுது நோயாளியோடு நாம் இருந்துகொண்டு, பார்த்துக்கொள்பவரை உறங்கச் சொல்வதும் நோய் விசாரிப்புதான்.

பணமில்லாத வீடுகளை பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மருத்துவமனைச் செலவுக்குக் கொடுப்பவர்கள், அதற்குப் பின் ஓராண்டுக்கு ஆகும் ஆட்டோ கூலியையும் பயிற்சிச் செலவையும் எண்ணுவதில்லை. பயிற்சி அங்கேதான் நின்றுபோகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகிறது. இதை அறியாத வீடுகள் நம் தெருக்களில் நிறைய. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொடுக்க ஓர் இளைஞர் போதும். ரமலானில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடும் பழக்கத்தையும் ஷஃபான் மாதத்து ஜும்ஆ உரையிலேயே கண்டித்துச் சொன்னால் நல்லது.

அத்தா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வலக்கை தோளுக்கு மேல் எழவில்லை. எழாமலும் போகலாம் என்கிறார்கள். மாதம் ஒருமுறை கவுண்டர் காரில் அழைத்துப் போய்த் தார் ஏலத்தைக் காட்டுகிறார். இடக்கையால் தாரைச் சற்றே தூக்கிப் பார்த்து எடை சொன்னார். இரண்டு கிலோ பிசகிற்று. தராசு சரியில்லை என்றுவிட்டார்.

வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் எங்கள் ஜமாஅத் கூட்டம். சாய்தளத்துக்குக் கொத்தனார் அளவெடுத்தாயிற்று; உளூ மேடைக்கு எவர்சில்வர் கைப்பிடி விலையும் கேட்டாயிற்று. கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட வேண்டாம், இடக்கைக்காரர்களும் வருவார்கள் என்று அத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்.